கடுங்குற்றம் சாட்டப்படும்போது வழக்கறிஞரை நாடுவது எப்படி?

கொலை, பாலியல் வன்முறை, பெருந்தொகை மோசடி, போதைப்பொருள் கடத்தல் போன்ற ஒரு குற்றத்தில் ஒருவருடைய பெயர் அடிபடும்போது, அந்தச் செய்தி எப்போதும் கைவிலங்கோடு வருவதில்லை. பல நேரங்களில் அது ஒரு தொலைபேசி அழைப்பாக, மரியாதையான குரலில் வருகிறது. “ஒரு சின்ன விளக்கம் கேட்கத்தான், அரை மணி நேரம் வந்துவிட்டுப் போங்கள்” என்று சொல்வார்கள். வழக்கறிஞரைத் தேட வேண்டிய நேரம் அந்த அழைப்பு வந்த நொடியிலேயே தொடங்கிவிடுகிறது. குற்றப்பத்திரிகை தாக்கலாகட்டும், கைது செய்தால் பார்த்துக்கொள்ளலாம், முதலில் போய் என்னவென்று கேட்டுவிட்டு வரலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள், வழக்கின் திசை முடிவாகும் நாட்களைத் துணையில்லாமல் கடக்கிறார்கள்.

இதில் அதிகம் பாதிக்கப்படுகிறவர்கள் குற்றம் செய்யாதவர்கள் என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். உண்மை நம் பக்கம் இருக்கும்போது வக்கீல் எதற்கு, வக்கீலோடு போனால்தானே சந்தேகப்படுவார்கள் என்று நினைத்துத் தனியாகப் போய் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுகிறோம். ஆனால் விசாரணை அறையில் எடைபோடப்படுவது மடியின் கனமல்ல, வாயிலிருந்து வரும் சொல். ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். மூன்று வாரங்களுக்கு முந்தைய ஓர் இரவைப் பற்றிக் கேட்கிறார்கள். “ஒன்பது மணிக்கெல்லாம் வீட்டில் இருந்தேன்” என்கிறீர்கள். வழக்கமாக அந்த நேரத்துக்கு நீங்கள் வீட்டில்தான் இருப்பீர்கள் என்பதால் அது வாயில் வந்துவிட்டது. அன்று மட்டும் ஒரு நண்பரைப் பேருந்து ஏற்றிவிட்டு வந்தது நினைவில் இல்லை. கேமராவில் 9.25 மணிக்கு நீங்கள் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறீர்கள். அந்த நொடியிலிருந்து உங்கள் மறதி, வழக்கின் தாளில் “பொய்யான தகவல் அளித்தார்” என்று மாறிவிடுகிறது. அதை விளக்கப் பிறகு பத்து சாட்சிகள் தேவைப்படலாம். குற்றமற்றவர் வக்கீலைத் தேடுவது பயத்தின் அடையாளம் அல்ல. தன் உண்மை பழுதில்லாமல் நீதிமன்றம்வரை போய்ச் சேர வேண்டும் என்ற கவனம் அது.

முதல் உரையாடலில் என்ன சொல்வது

“வழக்கறிஞரிடம் பேசிய பிறகுதான் கேள்விகளுக்குப் பதில் சொல்வேன். அதுவரை எதுவும் பேச விரும்பவில்லை.” இவ்வளவுதான். மரியாதையாகவும் தெளிவாகவும் சொல்லிவிட்டு, சொன்னபடியே நடந்துகொள்ள வேண்டும். பெயர், முகவரி போன்ற அடையாள விவரங்களைக் கேட்டால் சொல்லிவிடலாம். பெரும்பாலான இடங்களில் சொல்லியாகவும் வேண்டும். அதற்கு மேல் வானிலையைப் பற்றிக்கூடப் பேச வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. பேச்சு சாதாரணமாகத் தொடங்கி எங்கே போய் முடிந்தது என்பது பேசியவருக்கே தெரியாமல் போவதுண்டு.

இந்த வாக்கியத்தை இழுத்து மழுப்பிச் சொல்லக் கூடாது. அமெரிக்காவில் ஒரு கடற்படை வீரர் விசாரணையின் நடுவே “நான் ஒருவேளை வக்கீலிடம் பேச வேண்டுமோ என்னவோ” என்ற பொருளில் சொன்னார். அது தெளிவான கோரிக்கை அல்ல, ஆகவே விசாரணையைத் தொடர்ந்ததில் தவறில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1994-இல் டேவிஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. 2010-இல் இன்னும் ஒரு படி மேலே போய், மௌனமாக இருப்பதற்கான உரிமையைப் பயன்படுத்துகிறவர் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், வெறுமனே பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதாது என்றும் அது கூறியது. தயக்கமும் பணிவும் நம் பேச்சில் ஊறிப்போனவை. “வேண்டுமானால் வக்கீலைக் கேட்டுக்கொள்ளட்டுமா” என்றுதான் நம்மில் பலருக்கு வாய் வரும். இந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் அந்தப் பழக்கத்தை ஒதுக்கிவைக்க வேண்டும்.

மௌனத்தின் விலை நாட்டுக்கு நாடு மாறும் என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்திய அரசமைப்பின் 20(3) உறுப்பு, குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கே எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. 22(1) உறுப்பு, கைதானவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிப்பதைத் தடுக்கக் கூடாது என்கிறது. அங்கே காவல் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. ஆனால் காவலில் இருப்பவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு தொடர்புடைய பகுதி ஏற்கப்படும். ஆகவே “போலீசிடம் சொன்னது செல்லாது” என்று யாரோ சொன்னதைப் பாதி கேட்டுவிட்டுத் தைரியமாகப் பேசுவது ஆபத்தானது. இங்கிலாந்தில் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, பின்னர் நீதிமன்றத்தில் முன்வைக்கப்போகும் ஒன்றை விசாரணையின்போது சொல்லாமல் விட்டால் அதைப் பாதகமாகக் கருத இடமுண்டு. அங்கே பேசுவதா வேண்டாமா என்பதே ஒரு சட்ட முடிவு. அதை எடுக்க வழக்கறிஞர் பக்கத்தில் இருக்க வேண்டும். காவல் நிலையத்தில் அந்த ஆலோசனை, வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவசமாகவே கிடைக்கிறது.

மௌனம் ஓர் உரிமை, பொய் அப்படியல்ல. பேசாமல் இருக்கலாம், ஆனால் கதை கட்டக் கூடாது. கைது செய்தால் திமிறக் கூடாது, வாதாடக் கூடாது. சோதனையிட வந்தால் ஆணையைக் காட்டும்படி கேட்கலாம், “நான் சம்மதிக்கவில்லை” என்று பதிவு செய்யலாம், ஆனால் குறுக்கே நிற்கக் கூடாது. அந்தச் சோதனை சட்டப்படி நடந்ததா என்பதை வழக்கறிஞர் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்வார். படிக்காத தாளிலும், புரியாத மொழியில் உள்ள தாளிலும், வெற்றுத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது. கைபேசியின் கடவுச்சொல்லைக் கேட்டால் என்ன செய்வது என்பதற்கு எல்லா நாட்டுக்கும் பொருந்தும் ஒரே பதில் இல்லை. பிரிட்டனில் முறையான அறிவிப்பு கொடுத்துக் கேட்டபின் மறுப்பதே தனிக் குற்றம். வேறு சில இடங்களில் மறுக்க உரிமை உண்டு. அதையும் வழக்கறிஞரிடம் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது

வீட்டுப் பத்திரம் எழுதிக்கொடுத்த வக்கீல் நல்லவராகவும் குடும்ப நண்பராகவும் இருக்கலாம். கொலை வழக்குக்கு அவர் பொருத்தமானவராக இருப்பார் என்று பொருளில்லை. குற்றவியல் வழக்குகளைத் தொடர்ந்து நடத்துகிறவர், அதிலும் வழக்கு நடக்கப்போகும் விசாரணை நீதிமன்றத்தில் வாரந்தோறும் ஆஜராகிறவர்தான் தேவை. தெரிந்த வக்கீலிடம் செய்யக்கூடிய நல்ல காரியம், “இந்த வழக்கு உங்கள் வீட்டில் ஒருவர்மீது வந்தால் யாரிடம் போவீர்கள்?” என்று கேட்பது. பெயர் கிடைத்ததும், அவர் வழக்கறிஞர் மன்றத்தில் முறையாகப் பதிவு செய்தவர்தானா என்று சரிபாருங்கள். முடிந்தால் இரண்டு பேரையாவது பார்த்துப் பேசுங்கள். கைது நெருங்கிவிட்டது என்றால் அதற்காகக் காத்திருக்காமல், கிடைக்கும் தகுதியான ஒருவரை உடனே அமர்த்துங்கள். பின்னால் மாற்றிக்கொள்ள முடியும்.

முதல் சந்திப்பில் அவரிடம் கேட்க வேண்டியவை பல உண்டு. இந்த வகைக் குற்றச்சாட்டில் எத்தனை வழக்குகளை விசாரணை முடியும்வரை நடத்தியிருக்கிறீர்கள்? நீதிமன்றத்தில் நிற்கப்போவது நீங்களா, உங்கள் ஜூனியரா? கட்டணம் எதற்கெல்லாம், ஜாமீன் மனுவுக்கு மட்டுமா, முழு விசாரணைக்குமா? மேல்முறையீடு தனியா? அவசரத்துக்கு இரவில் யாரை அழைப்பது? கட்டணத்தை எழுத்தில் வாங்குவது அவமரியாதை அல்ல, நல்ல வழக்கறிஞர் தாமாகவே எழுதித் தருவார்.

சில பேச்சுகளைக் கேட்டால் நாற்காலியை விட்டு எழுந்துவிடலாம். “நூறு சதவீதம் வெளியே எடுத்துவிடுவேன்” என்பது ஒன்று. தீர்ப்பு எழுதுவது அவர் அல்ல. “நீதிபதி நமக்கு வேண்டியவர், கொஞ்சம் செலவாகும்” என்பது அதைவிட மோசமானது, ஏனென்றால் அது உங்களை இன்னொரு குற்றத்துக்குள் இழுத்துவிடும் அழைப்பு. விவரத்தைக் கேட்காமலே வக்காலத்தில் கையெழுத்தும் முன்பணமும் கேட்கிறவரும், நீங்கள் பேசத் தொடங்கியதும் கைபேசியைப் பார்க்கத் தொடங்குகிறவரும் வேண்டாம்.

ஒரே வழக்கில் பலர்மீது குற்றம் சாட்டப்பட்டிருந்தால், செலவு குறையும் என்று எல்லோருக்கும் ஒரே வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. இன்று அண்ணன் தம்பியாக ஒன்றாக நிற்கிறவர்கள், “நான் ஓட்டுநர் மட்டும்தான், உள்ளே போனது அவன்” என்று நாளை பிரிய நேரலாம். அப்போது அந்த வழக்கறிஞரால் ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. தனித்தனியாக ஆலோசனை பெறுவதே சரி. அதேபோல், முதலாளியோ நிறுவனமோ அனுப்பும் வழக்கறிஞர் யாருக்காக வாதாடுகிறார் என்பதை நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பணம் யார் கொடுத்தாலும் அவருடைய கடமை உங்களுக்குத்தான் என்று அவர் சொல்ல முடியவில்லையென்றால், அவர் உங்கள் வழக்கறிஞர் அல்ல.

பணம் இல்லாதவர்கள்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 1961-இல் கிளாரன்ஸ் எர்ல் கிடியன் என்ற ஏழை, பில்லியர்ட்ஸ் விளையாட்டுக் கூடம் ஒன்றை உடைத்துத் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டார். வக்கீல் வைத்துக்கொடுங்கள் என்று நீதிமன்றத்தில் கேட்டார். மரண தண்டனைக்குரிய வழக்கில்தான் அது முடியும் என்று மறுத்துவிட்டார்கள். தன் வழக்கைத் தானே நடத்தி, தோற்று, ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். சிறையிலிருந்து பென்சிலால் எழுதிய மனுவை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். கடுங்குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசு வழக்கறிஞரை ஏற்பாடு செய்தே ஆக வேண்டும் என்று 1963 மார்ச்சில் ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது.

தீர்ப்பைவிட, அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் ஊன்றிப் பார்க்கச் சொல்வேன். அதே ஆண்டு ஆகஸ்டில், அதே ஊரில், அதே நீதிபதி முன்னிலையில் வழக்கு மறுபடி நடந்தது. இம்முறை பக்கத்தில் ஒரு வழக்கறிஞர் இருந்தார். ‘நான் ஏறியதை யாரிடமும் சொல்லாதே’ என்று கிடியன் சொன்னதாக வாடகைக் கார் ஓட்டுநரின் சாட்சியம் இருந்தது. கேட்பவருக்கு அது குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலவே ஒலிக்கும். இதற்கு முன்னும் அவர் அப்படிச் சொன்னதுண்டா என்று வழக்கறிஞர் கேட்டார். உண்டு, மனைவியோடு அவருக்கு மனத்தாங்கல் என்று பதில் வந்தது. முக்கியச் சாட்சியையும் அவர் குறுக்கு விசாரணையில் ஆட்டம்காண வைத்தார். நடுவர் குழு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கிடியன் குற்றவாளி அல்ல என்று முடிவு சொன்னது. ஆளும் குற்றச்சாட்டும் மாறவில்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஒருவர் கூடுதலாக இருந்தார்.

ஆகவே கையில் காசில்லை என்பதற்காக வழக்கறிஞர் இல்லாமல் நிற்க வேண்டாம். 1966-இல் ஏற்கப்பட்ட குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு, நீதியின் நலன் கோரும் இடத்தில், வசதியற்றவருக்குக் கட்டணமின்றி வழக்கறிஞர் தரப்பட வேண்டும் என்கிறது. இந்தியாவில் 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி, காவலில் உள்ள எவரும் இலவச சட்ட உதவிக்கு உரியவர்; முதன்முதலாகக் குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்தப்படும்போதே அதைக் கேட்கலாம். கேட்க வேண்டிய வாக்கியம் எந்த நாட்டிலும் ஒன்றுதான்: “வழக்கறிஞர் வைக்க எனக்கு வசதியில்லை, ஏற்பாடு செய்து தாருங்கள்.” நீதிபதியிடம் அதைச் சொல்லி, பதிவு செய்யும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள். இலவசமாக வந்தவர் ஏனோதானோவென்றுதான் நடத்துவார் என்று முன்கூட்டியே முடிவுகட்ட வேண்டாம். தினமும் அதே நீதிமன்றத்தில் இத்தகைய வழக்குகளை மட்டுமே நடத்திப் பழகியவர்கள் அவர்களில் நிறைய உண்டு.

வழக்கறிஞரிடம் எதைச் சொல்வது

எல்லாவற்றையும். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. வழக்கறிஞரிடம் சொல்வது இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பது உலகின் பெரும்பாலான சட்ட முறைகளில் உறுதிசெய்யப்பட்ட விதி. ஐ.நா.வின் 1990-ஆம் ஆண்டு வழக்கறிஞர் பணிக் கோட்பாடுகள், காவலில் இருப்பவர் வழக்கறிஞரைச் சந்திப்பதை அதிகாரிகள் தொலைவிலிருந்து பார்க்கலாம், பேச்சைக் கேட்கக் கூடாது என்கின்றன. கைதானவருக்கு வழக்கறிஞரை அணுகும் வாய்ப்பு அதிகபட்சம் 48 மணி நேரத்துக்குள் கிடைக்க வேண்டும் என்றும் கூறுகின்றன.

அந்தப் பாதுகாப்புக்கு எல்லைகளும் உண்டு. இனி செய்யப்போகும் குற்றத்துக்கு யோசனை கேட்டால் அது இரகசியத்துக்குள் வராது. சந்திப்பில் மாமாவோ நண்பரோ உடன் அமர்ந்திருந்தால் இரகசியம் கலையக்கூடும். ஆறுதலுக்கு வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்ல வழக்கறிஞர் கேட்டுக்கொண்டால் யாரும் மனம் நோக வேண்டாம். சிறையிலிருந்து வீட்டுக்குப் பேசும் தொலைபேசி பல இடங்களில் பதிவாகிறது. அறைத் தோழரிடம் மனம்விட்டுப் பேசியது சாட்சியமாகத் திரும்பி வருவதுண்டு.

தனக்குச் சாதகமானதை மட்டும் சொல்லி, சங்கடமானதை மறைப்பது இயல்பான பலவீனம். இறந்தவரோடு இரண்டு மாதங்களுக்கு முன் நடந்த வாய்த்தகராறு, பழைய வழக்கு, அனுப்பிய கோபமான குறுஞ்செய்தி ஆகியவற்றை வழக்கறிஞர் முதன்முதலாக அரசுத் தரப்பின் வாயிலிருந்து கேட்கக் கூடாது. முன்பே தெரிந்திருந்தால் அதற்கு விளக்கமும் சாட்சியும் தேடி வைத்திருப்பார். நீங்கள் தவறே செய்திருந்தாலும் உங்களுக்காக வாதாடுவது அவருடைய தொழில்; சட்டம் அதை எதிர்பார்க்கிறது.

சந்திப்புக்குப் போகும் முன் ஒரு தாளை எடுத்து, மேலே “என் வழக்கறிஞரின் பார்வைக்கு மட்டும்” என்று எழுதி, அன்றைய நாளை மணிவாரியாக எழுதுங்கள். காலை எழுந்தது முதல் யாரைப் பார்த்தீர்கள், எதில் பயணித்தீர்கள், எங்கே பணம் செலுத்தினீர்கள், யாருக்கு அழைத்தீர்கள் என்று எழுதி, உறுதியாகத் தெரியாத இடத்தில் “நினைவில்லை” என்றே குறியுங்கள். அந்தச் சொல்லைப் பதிலாகச் சொல்லும் நேர்மைதான் முன்னே சொன்ன பேருந்து நிறுத்தத்து மனிதருக்கு இல்லாமல் போனது. அந்தத் தாளை வேறு யாருக்கும் காட்ட வேண்டாம், குடும்பக் குழுவில் அனுப்பவே வேண்டாம். அதோடு வந்த அறிவிப்பு, அழைப்பாணை, முதல் தகவல் அறிக்கையின் நகல், ஜாமீன் தாள், தொடர்பான ரசீதுகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது, எந்தப் பிரிவுகளில் குற்றச்சாட்டு, அதிகபட்சத் தண்டனை என்ன, ஜாமீன் கிடைக்க வாய்ப்பு எப்படி, அடுத்த வாய்தா எப்போது, அதற்குள் நீங்கள் செய்ய வேண்டியது என்ன, செய்யக் கூடாதது என்ன என்பவை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். புரியவில்லை என்றால் மறுபடி கேளுங்கள். தலையாட்டிவிட்டு வந்து வீட்டில் குழம்புகிறவர்கள் ஏராளம்.

அதற்குள் சில காரியங்களுக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கும். கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் நிரந்தரமானவை அல்ல. பெரும்பாலான கருவிகள் சில நாட்களிலோ சில வாரங்களிலோ பழைய பதிவின்மேல் புதியதை எழுதிவிடும். நீங்கள் வேறிடத்தில் இருந்ததைக் காட்டும் ஒரே காட்சி அப்படி அழிந்துபோகலாம். அதைப் பத்திரப்படுத்தும்படி எழுத்துமூலம் கோருமாறு வழக்கறிஞரிடம் முதல் நாளே சொல்லுங்கள். உங்களிடம் இருப்பதில் எதையும் அழிக்காதீர்கள். பாதகமாகத் தோன்றும் செய்தியை அழிப்பது தடயத்தை மறைத்த தனிக் குற்றமாகும். அழித்தது பெரும்பாலும் எதிர்முனைக் கைபேசியில் அப்படியே இருக்கும். புகார் கொடுத்தவரை அழைத்துச் சமாதானம் பேசுவதும், அதற்கு ஆள் அனுப்புவதும், சமூக ஊடகத்தில் நியாயம் கேட்பதும் சாட்சியைக் கலைத்ததாகவே படிக்கப்படும், ஜாமீனுக்கும் உலை வைக்கும்.

அயல்நாட்டில் கைதானவருக்கு இன்னும் இரண்டு உரிமைகள் உண்டு. 1963-ஆம் ஆண்டு வியன்னா தூதரக உறவுகள் உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவின்படி, தம் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் தரும்படி அவர் கேட்கலாம். கேட்டால் அதிகாரிகள் தெரிவிக்க வேண்டும். நீதிமன்ற மொழி புரியாவிட்டால் கட்டணமில்லாத மொழிபெயர்ப்பாளரையும் கோரலாம். அன்றாட வேலைக்குப் போதுமான அயல்மொழி அறிவு விசாரணைக்குப் போதாது; “தள்ளினேன்” என்பதற்கும் “தள்ளிவிட்டேன்” என்பதற்கும் உள்ள வேறுபாட்டில் ஒரு வழக்கே தங்கியிருக்கலாம்.

வழக்கு நகரத் தொடங்கியதும், எந்தச் சாட்சியை எப்படிக் கேட்பது, எந்த மனுவை எப்போது போடுவது என்பவற்றை வழக்கறிஞர் தீர்மானிப்பார். குற்றத்தை ஒப்புக்கொள்வதா, சாட்சிக்கூண்டில் ஏறுவதா, மேல்முறையீடு செய்வதா என்பவை உங்கள் முடிவுகள். “ஒப்புக்கொண்டால் இன்றே வீட்டுக்குப் போகலாம்” என்று யார் சொன்னாலும், அந்தத் தீர்ப்பு வேலைக்கும் கடவுச்சீட்டுக்கும் குடியுரிமைக்கும் என்ன செய்யும் என்று வழக்கறிஞரிடம் கேட்டு, ஓர் இரவாவது யோசிக்காமல் சம்மதிக்க வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒருவரை அழைத்துப் போய்விட்டார்கள் என்றால், எந்த நிலையத்துக்கு, எந்தக் குற்றத்துக்காக, எத்தனை மணிக்கு, எந்த அதிகாரி என்ற நான்கையும் கேட்டு எழுதிக்கொண்டு, உடனே வழக்கறிஞரை அழைத்து அங்கே போகச் சொல்லுங்கள். நடந்தது என்னவென்று கைதானவரிடம் தொலைபேசியில் துருவாதீர்கள். “வக்கீல் வந்துகொண்டிருக்கிறார், அதுவரை பேசாமல் இரு” என்று மட்டும் சொல்லுங்கள். கைதானவரின் கைபேசி பெரும்பாலும் முதலிலேயே வாங்கி வைக்கப்படும். அதில் சேமித்த எண்கள் எல்லாம் அதோடு போய்விடும். விசாரணைக்கு அழைப்பு வந்த அன்றே, வழக்கறிஞரின் எண்ணையும் வீட்டில் ஒருவரின் எண்ணையும் மனப்பாடம் செய்துவிட்டு, ஒரு துண்டுத் தாளிலும் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.